பிரசிடென்சி காலேஜின் இன்னொரு பக்கம்: தேள், பாசி, கரும்பு

பிரசிடென்சி காலேஜ்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மெரினாவுக்கு எதிர்ல இருக்கிற சிவப்புக் கட்டடம், பஸ் டே, ரூட்டு தல, மறுநாள் பேப்பர்ல வர்ற போட்டோ... கொஞ்சம் படிக்கிற ஆளா இருந்தா சர் சி.வி. ராமனும் எஸ். சந்திரசேகரும் ஞாபகத்துக்கு வருவாங்க. ரெண்டு பேரும் அங்கே படிச்சவங்க. ரெண்டு பேரும் நோபல் பரிசு வாங்கினவங்க (1930, 1983). ரெண்டு பேரும் பிசிக்ஸ். ஒரே காலேஜ், ஒரே டிபார்ட்மென்ட், அதுவும் ஒரே குடும்பம் (சித்தப்பா - அண்ணன் மகன்). இதுக்கு மேல ஒரு காலேஜுக்கு என்ன பெருமை வேணும்னு நாம அதோட நிறுத்திக்கிறோம்.

ஆனா அதே வளாகத்துல இன்னொரு டிபார்ட்மென்ட் இருந்தது. அதுக்கு நோபல் எதுவும் வரல. அங்கே இருந்தவங்க நட்சத்திரத்தைப் பார்க்கல, காலுக்குக் கீழே பார்த்தாங்க. தேளைப் பார்த்தாங்க, மழைத்தண்ணி காய்ஞ்ச சேற்றைப் பார்த்தாங்க, ஆத்தங்கரை நாணலைப் பார்த்தாங்க. இந்தப் பதிவு அவங்களைப் பத்தி.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் உயிரியல் படிச்சவன் இல்ல. பத்தாம் கிளாஸோட அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், அப்புறம் இன்ஜினியரிங், அப்புறம் சாஃப்ட்வேர்னு வழக்கமான பாதையில போனவன்தான். வரலாறும் எனக்குத் தொழில் இல்ல. ஆனா குடியிருக்கிறது வள்ளூர். மொட்டை மாடிக்குப் போனா அனல்மின் நிலையத்தோட புகைபோக்கி தெரியும், கொஞ்ச தூரம் போனா கொசஸ்தலை ஆறு, எண்ணூர் கழிமுகம். அந்தத் தண்ணியைப் பார்த்துப் பார்த்து வந்த கேள்விகள்தான் என்னை இந்தப் பழைய கதைகள் பக்கம் இழுத்துட்டு வந்தது. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

*

பிரசிடென்சி 1840-ல் ஒரு சின்னப் பள்ளியாக ஆரம்பிச்சது. 1855-ல் கல்லூரி ஆனது. இப்ப நாம பார்க்கிற, சிசோம் வடிவமைச்ச கடற்கரைக் கட்டடத்துக்கு 1870-ல் வந்தது. 1886-ல் அங்கே உயிரியல் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்ன். அப்ப பாட்டனி, சுவாலஜின்னு இன்னும் பெரிசா பிரியாத காலம். பூவும் புழுவும் ஒரே வாத்தியார்தான்.

வந்து சேர்ந்த மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? தேள் பிடிச்சார் :-)

நம்ம பாட்டிங்க சொல்லுவாங்கல்ல... நெருப்பு வளையத்துக்கு நடுவுல தேளை விட்டா, தப்பிக்க வழி இல்லேன்னு தெரிஞ்சதும் தன்னையே கொட்டிக்கிட்டு செத்துப்போகும்னு. இது நம்ம ஊர் பாட்டிங்க மட்டும் சொன்னது இல்ல, ஐரோப்பாவுலயும் இதை நம்பினாங்க. தற்கொலை செய்துக்கிற ஒரே பிராணின்னு தேளுக்கு ஒரு சோக நாயகன் பட்டமே இருந்தது. போர்ன் மெட்ராஸ்ல உட்கார்ந்துகிட்டு இதைச் சோதிச்சுப் பார்த்தார். தேளோட விஷம் பூச்சிகளைச் சட்டுனு சாய்க்குது, ஆனா அதே தேளையோ அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு தேளையோ கொல்றதில்லைன்னு கண்டார். நெருப்புக்கு நடுவுல அது துடிச்சு, கொடுக்கை வளைச்சு வளைச்சு வீசுறது நிஜம். ஆனா சாகிறதுக்குக் காரணம் சூடு, விஷம் இல்ல. 1887-ல் லண்டன் ராயல் சொசைட்டியோட வெளியீட்டுல இது வந்தது.

ஆராய்ச்சிங்கிற பெரிய வார்த்தையைக் கழட்டி வச்சுட்டுப் பார்த்தா இது என்ன? ஊரே சொல்ற ஒரு விஷயத்தை, "அப்படியா, பார்த்துடுவோமே"ன்னு ஒருத்தர் பார்த்திருக்கார். அவ்வளவுதான். நாங்க வேலையில பண்றதும் இதுதான். யாரோ "இந்த பக் இதனாலதான் வருது"ன்னு சத்தியம் பண்ணுவாங்க, லாக் எடுத்துப் பார்த்தா வேற காரணம் இருக்கும்.

போர்ன் அதோட நிக்கல. மண்புழுக்களைப் பத்தி எழுதினார். 1890-ல் உடம்போட ஓரத்துல செவுள் மாதிரி இழைகள் இருக்கிற ஒரு நன்னீர்ப் புழுவை மெட்ராஸ்லேர்ந்து அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். 1895-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். பிற்காலத்துல, 1915-லேர்ந்து 1921 வரைக்கும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தோட இயக்குநர். பெங்களூர்ல ஐ.டி. வேலை பார்க்கிற நம்ம பசங்க பலபேர் மல்லேஸ்வரம் பக்கம் அந்த வளாகத்தைத் தாண்டித்தான் தினமும் போறாங்க. அதை ஆறு வருஷம் நடத்தினவர் மெட்ராஸ்ல தேள் பிடிச்சவர்னு அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

*

அடுத்த ஆள் பி.எஃப். ஃபைசன். இவர் பாட்டனி. நீங்க ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ டூர் போயி ஒரு காட்டுப்பூவைப் படம் எடுத்து "இது என்ன பூ?"ன்னு கேட்டிருந்தா, பதில் சொன்னவர் எங்கேயோ ஒரு இடத்துல ஃபைசனோட புத்தகத்துக்குக் கடன்பட்டிருப்பார். நீலகிரி, பழனி மலை உச்சிகள்ல இருக்கிற செடிகளைப் பத்தின அவரோட புத்தகம் 1915-லேர்ந்து வெளிவர ஆரம்பிச்சது. அதுல இருக்கிற கோட்டோவியங்கள்ல நிறைய, திருமதி ஃபைசனும் போர்னோட மனைவி லேடி போர்னும் வரைஞ்சது. ரெண்டு பேராசிரியர் வீட்டம்மாக்கள் மலைமேல உட்கார்ந்து பூ வரைஞ்சிருக்காங்க. அட்டையில பெரிய எழுத்துல ஒரே ஒரு பேர்தான். அந்தக் காலம் அப்படி (இந்தக் காலம் மட்டும் என்னவாம்!).

ஃபைசன் செய்த இன்னொரு முக்கியமான வேலை, 1919-ல் இந்தியத் தாவரவியலுக்குன்னு ஒரு ஆய்விதழை ஆரம்பிச்சது. அது எதுக்குன்னு நமக்கு நல்லா புரியணும், ஏன்னா நாமளும் எழுதுற ஆட்கள். எழுதினதைப் போட ஒரு இடம் வேணும். அதுவரைக்கும் இங்கே ஒருத்தர் ஒரு செடியைப் பத்திப் புதுசா கண்டுபிடிச்சா, அதைக் கப்பல் ஏத்தி லண்டனுக்கு அனுப்பிட்டுக் காத்திருக்கணும். ஃபைசன் தொடங்கின அந்த இதழ் பிறகு இந்தியத் தாவரவியல் கழகத்தோட இதழா ஆனது. அவர் 1925-லேர்ந்து 1932 வரை பிரசிடென்சியோட பிரின்சிபால்.

*

இப்ப என்னோட ஹீரோவுக்கு வர்றேன். மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார், சுருக்கமா எம்.ஓ.பி. ஐயங்கார். 1886-ல் மெட்ராஸ்ல பிறந்தவர். பிரசிடென்சியிலேயே படிச்சு, கொஞ்சநாள் எழும்பூர் மியூசியத்துல வேலை பார்த்து, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில பாடம் நடத்தி, 1920-ல் தன் பழைய கல்லூரிக்கே ஆசிரியரா திரும்பி வந்தவர்.

அவர் எடுத்துக்கிட்ட சப்ஜெக்ட் பாசி. ஆமாங்க, வழுக்கி விழுவோமே, அந்தப் பாசி. கோயில் குளத்துல பச்சையா மிதக்கிறது, மழை விட்டு ரெண்டு வாரத்துல சுவரோரம் படர்றது, கடல் பாறையில ஒட்டியிருக்கிறது எல்லாம்தான். அப்ப இந்தியாவுல இதை முறையா படிச்சவங்க ரொம்பக் குறைவு. அவரை "இந்தியப் பாசியியலின் தந்தை"ன்னு சொல்றாங்க. தந்தைப் பட்டத்தை எல்லாருக்கும் வாரி வழங்குற ஊர் நம்மளுது. ஆனா இவர் விஷயத்துல அது மிகை இல்ல.

நாற்பது வயசைத் தாண்டினபிறகு, 1930-ல், இவர் லண்டன் குயின் மேரி கல்லூரிக்கு மாணவரா போனார். அங்கே பாசி உலகத்தோட பெரிய தலை எஃப்.இ. ஃப்ரிட்ஷ். பேராசிரியர் வேலையில இருந்துட்டு இன்னொருத்தர் முன்னாடி மறுபடியும் மாணவரா உட்கார ஒரு மனசு வேணும். நம்ம துறையில முப்பது தாண்டினவன் புது லாங்குவேஜ் கத்துக்கவே அழறான்.

1932-ல் அவர் ஒரு புதுப் பாசியை விவரிச்சு எழுதினார். மழைத்தண்ணி தேங்கி வத்திப்போற ஈரச் சேற்றுல வளர்றது அது. அதுக்குத் தன் ஆசிரியர் பேரையே வச்சார்: ஃப்ரிட்ஷியெல்லா டியூபரோசா. பி.எஸ்சி. பாட்டனி படிச்ச யாரைக் கேட்டாலும் இந்தப் பேருக்கு ஒரு சின்னச் சிரிப்பு வரும், ரெக்கார்டு நோட்டுல வரைஞ்சிருப்பாங்க.

அதுல என்ன விசேஷம்? சாதாரணமா பச்சைப் பாசின்னா தண்ணிக்குள்ள மிதக்கிற இழைதான். இது மண்ணுக்குள்ள ஒரு பகுதி, மண்ணுக்கு மேல நிமிர்ந்து நிக்கிற ஒரு பகுதி, பிடிச்சுக்க வேர் மாதிரி ஒரு இழைன்னு ஒரு குட்டிச் செடி கணக்கா இருந்தது. வெயில்ல சேறு காய்ஞ்சா மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்கு மாதிரியான திரள் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். மழை வந்தா மறுபடி எழும். உலகத்துத் தாவரவியல்காரங்க நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. ஏன்னா, தண்ணியில இருந்த தாவரங்கள் எப்படித் தரைக்கு ஏறி வந்துச்சுங்கிற பெரிய கேள்விக்கு இது ஒரு தடயமா தெரிஞ்சது.

பிறகு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்து, செல் எப்படிப் பிரியுதுன்னு உள்ளே போய்ப் பார்த்தப்ப கதை மாறிடுச்சு. தரைத் தாவரங்களோட நெருங்கின சொந்தம் இது இல்ல, வேற ஒரு பாசிக் கூட்டம்னு தெரிஞ்சது. ஃப்ரிட்ஷியெல்லா தனியா, தன் வழியில தரைக்கு வந்த ஒண்ணு. இதுல ஐயங்காருக்கு ஒண்ணும் இழுக்கு இல்ல. அவர் கண்ணால பார்த்ததைச் சரியாத்தான் எழுதி வச்சார். அதை எந்தக் கிளையில ஒட்டணும்ங்கிறதுதான் மாறினது. பார்த்தது நிலைக்கும், விளக்கம் மாறும்.

அவர் இன்னொரு பெரிய வேலையும் கையில வச்சிருந்தார். வால்வாக்ஸ்னு ஒரு பச்சை உருண்டை, குளத்துத் தண்ணியில உருண்டுக்கிட்டே போகும். நூத்துக்கணக்கில, ஆயிரக்கணக்கில சின்னச் செல்கள் சேர்ந்து ஒரு பந்தாகி, சிலது நீந்துற வேலை, சிலது குட்டி போடுற வேலைன்னு பங்கு பிரிச்சுக்கிட்டு வாழும். ஒத்த செல் உயிர் எப்படிப் பல செல் உடம்பாச்சுன்னு யோசிக்கிறவங்க இன்னிக்கும் இந்தக் குடும்பத்தைத்தான் லேப்ல வச்சுப் பார்க்கிறாங்க. தென்னிந்தியக் குளங்கள்ல இருக்கிற இந்தக் கூட்டத்தைப் பத்தி ஐயங்கார் 1933-லயே எழுதினார். அதை முழுப் புத்தகமா கொண்டுவரணும்னு இருந்தவர், 1963-ல் இறந்துட்டார்.

புத்தகம் வந்தது. 1981-ல். அவரோட மாணவர் டி.வி. தேசிகாச்சாரி அதை முடிச்சு, ஆசிரியர் பேரை முதல்ல போட்டு, தன் பேரை ரெண்டாவதா போட்டு வெளியிட்டார். ஆசிரியர் போய் 18 வருஷம் கழிச்சு! இத்தனைக்கும் தேசிகாச்சாரி சாதாரண ஆள் இல்ல. 1959-லயே நீலப்பச்சைப் பாசிகளைப் பத்தி அவர் எழுதின பெரிய புத்தகத்தை, அந்த உயிரைத் தொடுற எல்லாரும் இன்னிக்கும் புரட்டுறாங்க. அப்படிப்பட்டவர் வாத்தியாரோட பாதி வேலையை எடுத்து வச்சு முடிச்சிருக்கார்.

எங்க துறையில ஒருத்தன் வேலையை விட்டுப் போனா, அவன் எழுதின கோடை அடுத்தவன் திறந்து பார்த்துட்டு "எவன்டா எழுதினது இதை"ன்னு திட்டிட்டு மொத்தமா அழிச்சு எழுதுவான். அதான் எனக்கு இந்த 18 வருஷம் அவ்வளவு பெரிசா தெரியுது.

*

ஐயங்கார் ஆசிரியரா வந்த மறு வருஷம், 1921-ல், அதே பாட்டனி டிபார்ட்மென்ட்ல ஆனர்ஸ் முடிச்சு வெளியே வந்தவர் இ.கே. ஜானகி அம்மாள். 1897-ல் தலைச்சேரியில பிறந்தவர். குயின் மேரிஸ்ல படிச்சுட்டு பிரசிடென்சிக்கு வந்தவர். வெளியே வந்து நுங்கம்பாக்கம் விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல பாடம் எடுத்தார். அங்கேர்ந்து ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம். 1931-ல் அங்கே டாக்டர் பட்டம். நம்ம வீடுகள்ல பொண்ணுங்களை எட்டாவதோட நிறுத்தின காலத்துல இதெல்லாம்.

1934-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு வந்தார். இந்த இடத்தைப் பத்தி ஒரு வரி. பொங்கலுக்கு நாம கடிக்கிற தடிக் கரும்பு இனிக்கும், ஆனா வடக்கே பஞ்சாப் குளிர் தாங்காது. அதனால அந்த நிலையத்துக்காரங்க நம்ம ஆத்தங்கரை நாணல் மாதிரி நிக்கிற காட்டுக் கரும்போட அதைக் கலந்து, 1918-ல் கோ 205-னு ஒரு ரகம் கொடுத்திருந்தாங்க. "கோ"ன்னா கோயம்புத்தூர்தான். அந்தக் காட்டுக் கரும்போட குரோமோசோம்களை எண்ணி, அது எங்கேர்ந்து வந்தது, எப்படிக் கலக்குதுன்னு பார்த்தவர் ஜானகி அம்மாள். கரும்பை மக்காச்சோளத்தோடவே கலந்து பார்த்தார். ஒரு பெண், கல்யாணம் ஆகாதவர், ஒதுக்கப்பட்ட சாதியிலேர்ந்து வந்தவர். இந்த மூணும் சேர்ந்து அங்கே அவருக்குச் சுலபமா இல்லைன்னு அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க.

1939-ல் எடின்பரோவுல மரபியல் மாநாட்டுக்குப் போனார். போர் வந்தது, அங்கேயே தங்கிட்டார். ஜான் இன்னஸ் ஆய்வு நிலையம், அப்புறம் விஸ்லி தோட்டம். 1945-ல் சி.டி. டார்லிங்டனோட சேர்ந்து பயிர்த் தாவரங்களோட குரோமோசோம் அட்டவணைன்னு ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தார். விஸ்லியில அவர் மருந்து கொடுத்து வளர்த்த மக்னோலியா மரத்துல ஒரு ரகம் அவர் பேரிலேயே இருக்கு. 1951-ல் நேரு கூப்பிட்டு இந்தியாவுக்குத் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையைத் திருத்தி அமைக்கிற வேலையைப் பார்த்தார்.

இதெல்லாம் விக்கிப்பீடியாவுலயும் கிடைக்கும். எனக்குப் பிடிச்சது கடைசிப் பகுதி. 1970-ல், எழுபதை ஒட்டின வயசுல, மெட்ராஸ் வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தோட கள ஆய்வுக்கூடம் ஒண்ணு ஊருக்கு வெளியே இருந்தது. அங்கேயே தங்கி மருந்துச் செடிகள் வளர்த்துக்கிட்டு வேலை செய்தார். 1977-ல் பத்மஸ்ரீ. கேரளாவுல சைலன்ட் வேலிக் காட்டை அணைக்காக மூழ்கடிக்கப் போறாங்கன்னு எதிர்ப்பு கிளம்பினப்ப, எண்பதைத் தொட்ட வயசுல அதுல நின்னார். அந்தக் காட்டுச் செடிகளோட குரோமோசோம்களைப் பதிவு பண்ணணும்னு இறங்கினார். 1984 பிப்ரவரி 7 அன்னிக்கு இறந்தார். அதே வருஷம் நவம்பர்ல சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாச்சு. அவர் பார்க்கல.

அந்த ஆய்வுக்கூடம் இருந்த ஊர் மதுரவாயல். ஆமா, நம்ம பைபாஸ் மதுரவாயல்தான். 2009-ல் அடிக்கல் நாட்டி, 2012-ல் நின்னுபோய், கூவத்துக்குள்ள தூண் மட்டும் மொட்டையா நின்னுதே, துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலை, அந்த மதுரவாயல். எங்க ஏரியாவுல கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி நிக்கிற யாருக்கும் அந்தப் பேர் மனப்பாடம். ஜானகி அம்மாளோட மதுரவாயல் மட்டும் யாருக்கும் தெரியாது.

*

சரி, இதெல்லாம் இப்ப எதுக்குன்னு கேட்கிறீங்களா?

எங்க சித்தி பொண்ணு போன வருஷம் ஒரு அரசுக் கல்லூரியில பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தா. வீட்டுக்கு வந்த ஒவ்வொரு சொந்தக்காரரும் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "நீட்ல போயிடுச்சாம்மா?" பெரியப்பா ஒருத்தர் "பரவால்ல, டீச்சர் ட்ரெயினிங் பண்ணிக்கலாம்"னு ஆறுதல் வேற. அவ நீட் எழுதவே இல்ல. ஆத்துல இருக்கிற இறால், நண்டு பத்திப் படிக்கணும்னு அவளே கேட்டுச் சேர்ந்தா. யாருக்கும் நம்பிக்கை வரல. உயிரியல்னா நம்ம வீடுகள்ல டாக்டர் சீட்டுக்குப் போற பஸ். பஸ் ஏறி டாக்டர் ஸ்டாப்புல இறங்கலேன்னா தூங்கிட்டான்னு அர்த்தம்.

ஆனா எங்க ஊர் ஆத்துக்கு இப்ப டாக்டரைவிட அவசரமா வேண்டியது அந்த மாதிரி ஆட்கள்தான்னு நான் நினைக்கிறேன்.

எண்ணூர்க் கழியில சில வருஷமா ஒரு புது மட்டி பரவிக்கிட்டு இருக்கு. மீனவர்கள் "காக்கா ஆழி"ன்னு சொல்றாங்க. அறிவியல் பேர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. சொந்த ஊர் மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கம். கப்பல்கள் நிலைக்காக நிரப்பிட்டு வர்ற தண்ணியில வந்திருக்கலாம்னு கருதுறாங்க. ஆத்துத் தரையைக் கம்பளம் விரிச்ச மாதிரி மூடிடுது. இறால் புதையிற சேறு அதுக்கு அடியில போயிடுது, மஞ்ச ஆழி குறைஞ்சுபோச்சுன்னு மீனவர்கள் சொல்றாங்க. அவங்கதான் முதல்ல கவனிச்சாங்க. பேர் வச்சதும் அவங்கதான்.

இதுக்கு நடுவுல அனல்மின் நிலையச் சாம்பல், 2017 ஜனவரி 28-ல் ரெண்டு கப்பல் மோதிக் கொட்டின எண்ணெய், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட கழிக்குள்ள வந்த எண்ணெய். ஒவ்வொரு தடவையும் நடக்கிற விவாதம் ஒண்ணுதான்: "பாதிப்பு எவ்வளவு?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, அதுக்கு முன்னாடி அங்கே என்னென்ன இருந்ததுன்னு யாராவது எழுதி வச்சிருக்கணும். முன்னாடி எடுத்த பேக்கப் இல்லாம எது தொலைஞ்சதுன்னு எப்படிச் சொல்றது?

அப்படி எழுதி வைக்கிற பழக்கம் இந்த ஊர்ல இருந்திருக்கு. 1937-ல் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த என். கேசவ பணிக்கரும் ஆர். கோபால ஐயரும் மெட்ராஸ் உவர்நீர்ல வாழுற பிராணிகளைப் பத்தி ஒரு நீளமான கட்டுரை எழுதினாங்க. ஆறு கடலோட கலக்கிற இடத்துல, இன்னிக்கு நாம மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டுற மாதிரியான தண்ணிக்குள்ள, ஒரு காலத்துல என்னென்ன வாழ்ந்ததுன்னு சொல்ல நமக்கு இருக்கிற சாட்சி அந்த மாதிரிக் காகிதங்கள்தான். அந்தப் பணிக்கர்தான் பிறகு 1966-ல் தேசியக் கடலியல் நிறுவனத்தோட முதல் இயக்குநர் ஆனார். நாட்டோட கடல் மீன் ஆராய்ச்சி நிலையம்கூட 1947-ல் மெட்ராஸ்ல, பல்கலைக்கழக விலங்கியல் துறை இடத்துலதான் ஆரம்பிச்சது. 1949-ல்தான் மண்டபம் போச்சு.

இவங்க யாரும் நாட்டைக் காப்பாத்துறேன்னு கிளம்பல. போர்ன் ஒரு தேள் கதையைச் சோதிச்சார். ஐயங்கார் காய்ஞ்ச சேற்றைக் கிளறினார். ஜானகி அம்மாள் நாணலோட குரோமோசோமை எண்ணினார். தேசிகாச்சாரி வாத்தியாரோட நோட்டை மூடி வைக்காம முடிச்சார். ஒவ்வொருத்தரும் பக்கத்துல இருக்கிறதை உத்துப் பார்த்து, அதுக்குப் பேர் வச்சு, தேதி போட்டு எழுதி வச்சாங்க. அது எதுக்கு உதவும்னு அப்ப யாருக்கும் தெரியாது. ஒரு டிபார்ட்மென்ட்டோட வேலை, "எதுக்கு உதவும்"னு கேட்காம அப்படிப் பார்க்கிற ஆட்களைத் தலைமுறைக்கு நாலு பேர் உருவாக்குறதுதான்னு எனக்குத் தோணுது. அந்த நாலு பேர் இல்லாத ஊர்ல, எதுவும் தொலையாத மாதிரியே தெரியும். ஏன்னா என்ன இருந்ததுன்னு யாருக்கும் தெரியாது.

பதிவு நீளமாயிடுச்சு, பொறுத்துக்கங்க. பாட்டனி, சுவாலஜி படிச்ச நண்பர்கள் இங்கே கொஞ்சம் பேர் இருக்கீங்கன்னு தெரியும். உங்க காலேஜ்ல குளத்துக்கும் காட்டுக்கும் கூட்டிட்டுப் போன வாத்தியார், ஹெர்பேரியம் அலமாரி, பாட்டில்ல போட்டு வச்ச பாம்பு, ஃபீல்ட் ட்ரிப் கூத்து எல்லாத்தையும் எழுதுங்க. நீங்க அன்னிக்கு எந்தக் குளத்துல என்ன பார்த்தீங்கன்னு ஊர் பேரோட, வருஷத்தோட எழுதுங்க. நாளைக்கு யாராவது அந்தக் குளத்தைத் தேடி வருவாங்க.